"சரி" என்று வாய் முந்திக்கொள்வது ஏன், அதை எப்படி மாற்றுவது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 27. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மாதமுடிவு வந்தால் பக்கத்து மேசை அக்காவின் வேலையும் உங்கள் தலையில். மச்சாள் சொன்னாள் என்று நல்லாயிருந்த போனை மாற்றினீர்கள், அவள் சொன்ன சீட்டிலும் சேர்ந்தீர்கள். போன மாதம் சித்தப்பாவின் வங்கிக் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைத்தீர்கள். அன்றிலிருந்து நித்திரை சரியில்லை. கடைசியில் "என்ரை மனம் பலவீனமா? இதை மாத்த ஏலுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உளவளத்துணைத் துறையில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மாற்ற முடியும். ஆனால் நீங்கள் ஒரே குறை என்று நினைப்பதற்குள் இரண்டு வேறு விடயங்கள் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் மருந்து தேட முடியாது.

மச்சாளின் பேச்சைக் கேட்டு போன் வாங்கியபோது உங்கள் கருத்தே மாறியது. அவளுக்கு உங்களைவிடக் கூடத் தெரியும் என்று நினைத்தீர்கள். பிணை விடயத்தில் கருத்து மாறவில்லை. பேனையைக் கையில் எடுக்கும்போதே "இது வேண்டாம்" என்று உள்ளே தெரிந்திருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1955இல் மோர்டன் டொய்ச், ஹரல்ட் ஜெராட் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். ஒன்றில் மற்றவரிடமிருந்து தகவலை எடுக்கிறோம். மற்றதில் அவருடைய ஏற்பை இழக்க விரும்பாமல் இணங்குகிறோம். முதலாவது பெரும்பாலும் நல்ல பழக்கம்தான். அதில்லாமல் ஒருவரும் ஒன்றும் கற்றிருக்க முடியாது. எது எது என்று கண்டுபிடிக்க, கேட்டவர் போய் ஒரு மணித்தியாலம் கழித்துத் தனியே இருந்து "இப்ப ஆரும் கேக்கேல்லை எண்டால் நான் என்ன செய்வன்?" என்று உங்களையே கேளுங்கள். பதில் அப்போதும் அதேதான் என்றால் உங்கள் கருத்து மாறியிருக்கிறது. பதில் மாறினால் நீங்கள் இணங்க மட்டும்தான் செய்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. அதில் உங்கள் நிதானத்துக்குப் பழுதில்லை. நிதானம் வந்துசேருமுன் வாய் முந்திக்கொள்கிறது.

மனம் பலவீனமா என்ற கேள்விக்கு, நன்றாக நிறுவப்பட்ட ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். 1950களில் அமெரிக்காவில் சொலமன் ஆஷ் என்பவர் மாணவர்களைக் கூட்டாக இருத்தி ஒரு கோட்டைக் காட்டினார். பக்கத்திலுள்ள மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று ஒவ்வொருவரும் உரத்துச் சொல்ல வேண்டும். கண் தெரிந்த எவருக்கும் விடை தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் ஆஷ் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்கள். சில சுற்றுகளில் அவர்கள் எல்லோரும் ஒரே பிழையான விடையைச் சொன்னார்கள். அந்த ஒருவர், அப்படியான சுற்றுகளில் ஏறத்தாழ 37 வீதம் கூட்டத்தின் பிழையையே தானும் சொன்னார். தனியே விட்டுக் கேட்டால் பிழை 1 வீதத்துக்கும் குறைவு. கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஒருமுறையும் இழுபடவில்லை. மிச்சம் மூன்று பங்கினர் ஒருமுறையாவது இழுபட்டார்கள். படித்த பிள்ளைகள், பரிசு இல்லை, தண்டனை இல்லை, எதிரே இருந்தவர்கள் முன்பின் தெரியாத ஆட்கள். அவர்களுக்கே அப்படியென்றால் சொந்தச் சித்தப்பாவுக்கு முன்னால் நீங்கள் இழுபட்டதில் அதிசயமில்லை.

அந்தப் பரிசோதனையில் உங்களுக்குப் பயன்படக்கூடிய எண்கள் வேறு. எதிரே ஒருவர் மட்டும் பிழையாகச் சொன்னபோது இழுபட்டது 3.6 வீதம். இரண்டு பேர் என்றால் 13.6. மூன்று பேர் என்றால் 31.8. அதற்குமேல் ஆட்களைக் கூட்டியும் பெரிதாக ஏறவில்லை. சித்தப்பா, சித்தி, அம்மா மூவரும் விறாந்தையில் சேர்ந்திருந்து கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் இதைத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். எங்கள் வீடுகளில் கதைப்பதே அப்படித்தான். ஆனாலும் பாரம் பாரம்தான். அதே பரிசோதனையில் கூட்டத்துக்குள் ஒரேயொருவர் சரியான விடையைச் சொன்னதும் இழுபடுவது ஏறத்தாழ நாலிலொரு பங்காகக் குறைந்தது. விடையை உரத்துச் சொல்லாமல் கடதாசியில் எழுதவிட்டபோதும் வெகுவாகக் குறைந்தது. மில்கிறம் என்ற உளவியலாளர் 1960களில் செய்த, இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைத்த பரிசோதனையிலும் இதே போக்குத்தான். அதிகாரி சொல்கிறார் என்று 40 பேரில் 26 பேர் அதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே கடைசி அளவு வரை போனார்கள். பக்கத்தில் இரண்டு பேர் மறுத்து எழும்பியபோது கடைசி வரை போனவர்கள் 40க்கு 4 பேர். இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தால், பெரிய கோரிக்கை ஏதும் வந்தால் கூட்டத்துக்குள் இருந்து பதில் சொல்லாதீர்கள். உங்கள் பக்கம் நிற்கக்கூடிய ஒருவரிடம் முதலே கதைத்து வையுங்கள். வாயால் வராவிட்டால் எழுத்தில் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் மறுப்பது கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். தொடக்கத்தில் இருப்பவருக்கு அது நல்ல ஊன்றுகோல் என்பது என் கருத்து.

இனி, எங்கள் சமூகமே இப்படித்தானா என்பது. 1996இல் றொட் பொண்ட், பீற்றர் சிமித் என்பவர்கள், ஆஷின் முறையில் 17 நாடுகளில் நடந்த 133 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கூட்டு வாழ்வுக்கு முதலிடம் கொடுக்கும் சமூகங்களில் இணங்குவது சராசரியில் கூட. இது சராசரி பற்றிய செய்தி மட்டுமே. இதைக் காட்டி "தமிழரெண்டால் இப்பிடித்தான்" என்று தனியொருவரை விளக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் மறுப்பதற்கு உண்மையாகவே விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரே ஒழுங்கை, ஒரே கோயில் திருவிழா. ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்றால் முச்சக்கரவண்டி பிடித்து வருபவரும், கலியாணவீட்டில் பந்திக்கு நிற்பவரும், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புபவரும் அதே சொந்தக்காரர்கள்தான். காப்புறுதி நிறுவனம் செய்யும் வேலையை இங்கே உறவு செய்கிறது. ஆகவே மறுக்கும்போது வருகிற பயத்தை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. பேஸ்புக்கில் படம் போட்டுப் பகிர்கிறார்களே, "'இல்லை' என்பதே முழு வாக்கியம், விளக்கம் தேவையில்லை" என்று. அதை எங்கள் ஊரில் ஒரு பெரியவரிடம் அப்படியே சொன்னால் பிறகு அந்த வீட்டுப் படி ஏற ஏலாது. மறுக்கலாம், தாராளமாக மறுக்கலாம். எங்கள் முறையில் மறுக்க வேண்டும்.

போரையும் ஒரு வசனத்தில் தாண்டிவிட முடியாது. மாற்றுக் கருத்தைச் சொல்வது உயிருக்கு ஆபத்து என்றிருந்த ஆண்டுகள் இங்கே பல. பேசாமல் இருப்பதும் கேட்பவருக்குத் தலையாட்டுவதும் அப்போது பிழைக்கும் வழி. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பை ஆள் ஆளாக மட்டும் பார்க்காமல் குடும்பம், ஊர் என்ற அளவிலும் பார்க்க வேண்டும் என்று எழுதியவர். சனத்திடம் கூடிப்போன மௌனத்தையும் நம்பிக்கையின்மையையும் அவர் அந்தப் பாதிப்பின் பகுதியாகவே பார்த்தார். அப்படி வாழ்ந்த பெற்றோர் பிள்ளைக்கு "வாய் காட்டாதை, பேசாமல் இரு" என்று சொன்னதில் அன்பும் இருந்தது. ஆனால் உங்களுடைய தயக்கத்தில் எத்தனை பங்கு போரால், எத்தனை வளர்ப்பால், எத்தனை பிறவிக் குணத்தால் என்று பிரித்துச் சொல்பவர் எவராயினும் நம்பாதீர்கள். அப்படி அளக்க ஒரு கருவியும் கிடையாது.

காரணம் எதுவாயினும், பழக்கத்தை உயிரோடு வைத்திருக்கும் பொறி நன்றாகத் தெரிந்தது. யாரோ கேட்கிறார், உங்கள் நெஞ்சு படபடக்கிறது, முகம் சூடாகிறது. "சரி" என்று சொன்ன அந்தக் கணமே படபடப்பு இறங்கிவிடுகிறது. உடம்புக்கு அது பெரிய நிம்மதி. நட்டமோ மூன்று கிழமை கழித்துத்தான் வருகிறது. உடனே கிடைக்கும் நிம்மதிதான் பழக்கத்தை வளர்க்கும். பிந்தி வரும் நட்டம் எவ்வளவு பெரிதென்றாலும் பழக்கத்தை முறிக்காது. இதனால்தான் ஒவ்வொரு முறையும் "இனிமேல் இப்பிடிச் செய்யமாட்டன்" என்று சபதம் எடுத்தும் அடுத்த முறை அதே சொல் வாயில் வருகிறது. யோசித்துத் திருந்தக்கூடிய விடயமாக இருந்தால் நீங்கள் எப்போதோ திருந்தியிருப்பீர்கள். மறுத்த பிறகு வருகிற குற்ற உணர்வும் இதே பொறியின் ஒரு பகுதி. அது வந்ததாலேயே நீங்கள் பிழை செய்தீர்கள் என்று ஆகிவிடாது. ஓடிப்போய் சமாதானம் செய்யாமல் விட்டால் அது தானாக இறங்கும். முதல் சில தடவைகள் ஒரு இரவு முழுக்க இருக்கலாம்; போகப்போக நேரம் குறையும். ஓடிப்போய் "சரி, நான் செய்யிறன்" என்றால், குற்ற உணர்வைப் போக்க ஒரே வழி இணங்குவதுதான் என்று உடம்பு இன்னும் ஆழமாகப் படித்துவிடும்.

கேட்பவர்கள் பக்கத்தையும் பார்ப்போம். 1966இல் ஃபிறீட்மன், ஃபிறேசர் என்ற இருவர் கலிபோர்னியாவில் வீட்டுக்காரரிடம், "கவனமாக வாகனம் ஓட்டுங்கள்" என்ற பெரிய, அவலட்சணமான பலகையை முற்றத்தில் நட இடம் கேட்டார்கள். நேரே கேட்டபோது சம்மதித்தவர்கள் 17 வீதம். அதே கருத்துள்ள ஒரு சின்ன அட்டையை யன்னலில் ஒட்டச் சொல்லி இரண்டு கிழமைக்கு முதல் கேட்டிருந்த வீடுகளில் 76 வீதம் பேர் சம்மதித்தார்கள். சித்தப்பா முதலில் வங்கிப் படிவத்தை நிரப்பித் தரச் சொன்னார், பிறகு வங்கிக்குக் கூடவரச் சொன்னார், அங்கே வைத்துத்தான் கையெழுத்துக் கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே படிக்கட்டுத்தான். இதில் ஒவ்வொரு படியிலும் மறுக்கும் உரிமை புதிதாக உண்டு என்பதை நினைவில் வைத்திருங்கள். படிவம் நிரப்பிக் கொடுத்ததால் கையெழுத்துக் கடன் ஏதும் உங்கள் மேல் ஏறவில்லை. "வங்கி மட்டும் வந்திட்டன் சித்தப்பா, எண்டாலும் கையெழுத்து வைக்கேல்லை" என்பது முறையான பேச்சுத்தான். அவசரப்படுத்துவது இன்னொரு வழி: "இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை வேணும்", "இண்டைக்குக் காசு போட்டால்தான் இந்த இலாபம்". இரண்டாவது வசனம் காசு சம்பந்தமாக வந்தால் அதையே மறுப்பதற்குப் போதிய காரணமாக எடுங்கள். ஆளைச் சேர்த்தால் காசு என்ற பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. அவை பரவுவது முன்பின் தெரியாதவர்களால் அல்ல, மச்சாள்மாராலும் கூடப்படித்தவர்களாலும்தான். சீட்டில் சேருமுன் எத்தனை பேர், காசு யார் கையில், எடுத்தவர் கட்டாமல் விட்டால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் தந்திரக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். 2008இல் ஃபிளின், வனெசா போன்ஸ் என்பவர்களின் ஆய்வில், உதவி கேட்கப்போனவர்கள், தேவையான உதவி கிடைக்க எத்தனை பேரைக் கேட்க வேண்டிவரும் என்பதை உண்மையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கணக்கிட்டிருந்தார்கள். மறுப்பது எதிரிலுள்ளவருக்கு எவ்வளவு கடினம் என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. பக்கத்து மேசை அக்காவுக்கு, நீங்கள் உள்ளே எரிந்துகொண்டு செய்வது தெரியாமலே இருக்கலாம். நீங்கள் சிரித்துக்கொண்டல்லவா வாங்கினீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது. இதற்கான பயிற்சி புதிதல்ல. 1949இல் அண்ட்ரூ சால்ட்டரும் 1958இல் ஜோசப் வொல்ப்பும் எழுதிவைத்ததிலிருந்து தன்னுறுதிப் பயிற்சி என்ற பெயரில் வளர்ந்து வந்தது. உங்களுக்கு முதல் பாடம் மறுப்பு அல்ல, தள்ளிவைத்தல். கேட்ட இடத்தில் பதில் சொல்லாத பழக்கம் ஒன்று வந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரேயொரு வசனத்தைத் தெரிவு செய்து, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுமளவுக்குப் பாடமாக்குங்கள்: "யோசிச்சிட்டு நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு நானே எடுத்துச் சொல்லுறன்." இதில் நேரம் கட்டாயம், "நானே" கட்டாயம். பலர் பிழைவிடும் இடம் இதுதான். "பாப்பம்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். சொன்னவர் மறுத்துவிட்டதாக நினைப்பார், கேட்டவர் கிடைத்துவிட்டதாக நினைத்து வேறு இடம் தேடமாட்டார். ஒரு கிழமை கழித்துப் படலையில் வந்து நிற்பார், அப்போது மறுப்பது பத்து மடங்கு கடினம், அவருடைய கோபத்திலும் நியாயம் இருக்கும். சொன்ன நேரத்துக்கு எடுத்துப் பதில் சொல்லுங்கள், அந்தப் பதில் "ஏலாது" என்பதாக இருந்தாலும். "இப்பவே சொல்லு" என்று நெருக்கினால், "இப்பவே எண்டால் ஏலாது. நாளைக்கெண்டால் யோசிக்கலாம்" என்பது போதும்.

மறுக்கும் வசனத்தில் மூன்று துண்டு இருந்தால் எங்கள் பேச்சுக்குப் பொருந்தும்: முறைசொல்லி அழைத்தல், இல்லை என்பது தெளிவாக, ஒரேயொரு காரணம். "சித்தப்பா, குறை நினையாதேங்கோ. பிணைக் கையெழுத்து நான் வைக்கேல்லை. என்ரை சம்பளத்திலை இன்னொரு கடனைத் தாங்க ஏலாது." அவ்வளவுதான். காரணத்தைக் கூட்டக் கூட உங்கள் நிலை இளகும். நாலு காரணம் சொன்னால் எதிரிலுள்ளவர் மிகப் பலவீனமான நாலாவதைப் பிடித்து உடைப்பார், மற்ற மூன்றும் அதோடு போய்விடும். பொய்க் காரணம் சொல்லவே வேண்டாம். ஒழுக்கம் கருதிச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் காலமை சொன்ன பொய் பின்னேரம் சந்தையில் நிற்கும்; பிறகு நீங்கள் மறுத்தது மறந்து, பொய் சொன்னதுதான் பேச்சாகும். எதிர்ப்பு வரும் என்று முதலே எதிர்பாருங்கள்: "என்ன பிள்ளை, பிறத்தியாள் மாதிரிக் கதைக்கிறாய்? உன்னை நம்பித்தானே வந்தனான்." இதற்குப் புதுக் காரணம் தேடாமல், அவர் சொன்னதில் உண்மையான பகுதியை ஏற்றுக்கொண்டு பழைய வசனத்துக்கே திரும்புங்கள்: "ஓம் சித்தப்பா, நம்பித்தான் வந்தனீங்கள், விளங்குது. பிணை மட்டும் நான் வைக்கேல்லை." பிறகு வருவது பெரும்பாலும் அப்பாவின் பெயர்: "உன்ரை கொப்பர் இருந்திருந்தால் இப்பிடிச் சொல்லுவாரோ?" அங்கேதான் பலர் உடைவார்கள். "அப்பா என்ன சொல்லியிருப்பாரோ தெரியேல்லை சித்தப்பா. என்னாலை இது ஏலாது." மூன்று தரம் அதே வசனம், அதே குரலில். மூன்றாவது தரத்துக்குப் பிறகு இருந்து வாதாட வேண்டாம். தேத்தண்ணி போடவோ வேறு அலுவலுக்கோ எழும்புங்கள். வேறு உதவி கொடுக்க மனமிருந்தால், எல்லை போட்டுக் கொடுங்கள்: "நகை அடகு வைக்கிற வட்டி எவ்வளவெண்டு விசாரிச்சுச் சொல்லுறன்." மனமில்லாவிட்டால் குற்ற உணர்வைத் தணிக்க ஒன்றைக் கொடுக்காதீர்கள். அதுவும் இன்னொரு "சரி"தான்.

குரலில் கவனிக்க வேண்டியது இரண்டே. வசனத்தின் முடிவில் குரல் கேள்விபோல் மேலே போகாமல் கீழே இறங்க வேண்டும். மறுக்கும்போது சிரிக்கக் கூடாது. நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் உடம்பின் ஓமோன்கள் மாறித் துணிவு வரும் என்று 2010இல் வந்த ஆய்வொன்று பேர்பெற்றது. 2015இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்த ஓமோன் மாற்றம் கிடைக்கவில்லை; முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே அடுத்த ஆண்டு அதை நம்பவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். செய்து பார்க்கிறவர் செய்யட்டும், நட்டமில்லை. பயிற்சிக்குப் பதிலாக அதைச் செய்யாதீர்கள்.

பயிற்சி என்று நான் சொல்வது படிமுறையாகச் செய்வது. ஒரு கொப்பியில், மறுக்கவோ கேட்கவோ சிரமமான பத்துச் சந்தர்ப்பங்களை எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு படபடப்பைத் தரும் என்று 0 முதல் 100 வரை ஒரு எண் போடுங்கள். மினிபஸ்ஸில் மிச்சக் காசைக் கேட்டு வாங்குவது 20 ஆக இருக்கலாம். துணிக்கடையில் பத்துச் சேலையை விரித்துக் காட்டிய பிறகு ஒன்றும் எடுக்காமல் வெளியே வருவது 35. மாமி வீட்டில் மூன்றாவது தரம் வைக்கவரும் பிட்டுக்குக் கையை மறிப்பது 40. பழைய மாணவர் சங்க வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் காசு அறிவிக்கும்போது உங்கள் வசதிக்கேற்றதை மட்டும் எழுதுவது 55. அக்காவின் வேலையை மறுப்பது 70, சித்தப்பா 95. 20க்கும் 40க்கும் இடையில் தொடங்குங்கள். ஒன்றையே படபடப்பு பாதியாகக் குறையும் வரை திரும்பத் திரும்பச் செய்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கிழமைக்கு மூன்று நாலு தரம் செய்தால் இரண்டு மாதத்துக்குள் நடுப்படிகளைத் தாண்டுவது நடக்கக்கூடியது. 60க்கு மேலுள்ளவற்றை நேரே செய்யுமுன் நம்பிக்கையான ஒருவரோடு ஒத்திகை பாருங்கள். அவர் சித்தப்பாவாக இருந்து உண்மையாகவே நெருக்க வேண்டும், இளக்கம் காட்டினால் ஒத்திகையால் பயனில்லை. ஐந்து நிமிடம் போதும், ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் நாக்குப் பழகாது.

இது பிழைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஆர்வத்தில் 95இல் தொடங்குவது. தோற்றுவிட்டு "எனக்கு இது சரிவராது" என்று விடுவார்கள். மற்றது, வருடக் கணக்காகச் சேர்த்து வைத்த கோபத்தோடு மறுப்பது. ஐந்து வருடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் ஒருநாள் கலியாணவீட்டில் எல்லோருக்கும் முன்னால் வெடிப்பார், பிறகு வெட்கப்பட்டு இன்னும் அதிகமாகத் தலையாட்டுவார். ஆகவே ஒவ்வொரு மறுப்பும் அந்த ஒரு கோரிக்கைக்கு மட்டும். பழைய கணக்கை அன்று எடுக்க வேண்டாம்.

வேலையிடத்துக்கு வேறு வழி. மேலதிகாரியிடம் நேரே மறுக்கத் தேவையில்லை, ஒழுங்கை அவரையே தீர்மானிக்க விடுங்கள்: "சேர், இந்த இரண்டிலை எது முதலிலை வேணும்? இரண்டும் இண்டைக்கு முடியாது." பதிலை ஒரு குறுஞ்செய்தியில் எழுதி அனுப்பிவிடுங்கள். அக்காவிடம், "அக்கா, என்ரை மாதமுடிவுக் கணக்கு வெள்ளிக்கிழமை குடுக்கோணும், இந்த முறை எடுக்கேலாது" என்று மாதம் முடிய ஒரு கிழமைக்கு முதலே சொல்லுங்கள். கடைசி நாளில் சொன்னால் அவர் அந்தரிப்பார், தவறு உங்கள் பக்கம் வரும்.

ஏற்கனவே வைத்த பிணைக் கையெழுத்துக்கு உளவியல் உதவாது, கடதாசிதான் உதவும். கடன் தொகை இன்னும் கொடுபடவில்லை என்றால், பிணையிலிருந்து விலக விரும்புவதாக இன்றே வங்கி முகாமையாளருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கொடுபட்டுவிட்டால் நீங்கள் தனியே விலக முடியாது. வங்கி சம்மதித்து வேறு பிணையாளி வர வேண்டும். அப்படியென்றால் உடன்படிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், தவணை தவறினால் உங்களுக்கும் அறிவிக்கும்படி எழுதிக் கொடுங்கள், சித்தப்பா ஒவ்வொரு மாதமும் கட்டிய துண்டை அனுப்பும்படி கேளுங்கள். அது உரிமைக் கேள்வி, அவமரியாதை இல்லை. நீங்கள் நாளை வீட்டுக் கடனுக்குப் போனால் இந்தப் பிணை, வங்கிகள் பார்க்கும் கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சட்ட நுணுக்கம் என் துறை அல்ல. வசதி குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் கிளையில் அந்தப் பிரதியோடு போய்க் கேளுங்கள்.

மேலே சொன்ன எதுவும் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. மறுத்தால் அடிப்போம், வீட்டைவிட்டுத் துரத்துவோம், படத்தை இணையத்தில் போடுவோம் என்று மிரட்டுகிறார்கள் என்றால் அங்கே தன்னுறுதிப் பயிற்சி செய்யச் சொல்வது ஆபத்தான ஆலோசனை. அங்கே இணங்குவது பலவீனம் அல்ல, பாதுகாப்பு. வீட்டு வன்முறைக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை, இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

உங்கள் விடயத்தில் எனக்குக் கவலை தருவது நித்திரைதான். ஒரு கடிதத்தை வைத்து நோயைச் சொல்ல முடியாது. ஆனாலும் நித்திரைக் குழப்பம் இரண்டு கிழமையைத் தாண்டி, சாப்பாட்டில் மனமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். ஆட்களுக்கு முன்னால் பேசவே, சாப்பிடவே, கையெழுத்துப் போடவே நடுங்கி அவற்றைத் தவிர்க்கிறீர்கள் என்றால் சமூகப் பதற்றமாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு, இரண்டிலும் தனியே கொப்பி எழுதிப் பயிற்சி செய்வது போதாது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார்கள், போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது, வெளியே போக மனமில்லாவிட்டால் தேசிய உளநல நிறுவகத்தின் 1926க்கு எடுக்கலாம்.

சொந்தம் முறிந்துபோகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முறியாது என்று உறுதி தர எந்த ஆய்வும் இல்லை. வழமையாகக் காண்பது, கொஞ்சக் காலம் முகம் கொடுக்காமல் இருப்பார்கள், பிறகு தேவை வரும்போது பழையபடி வருவார்கள். உங்கள் இணக்கத்தை மட்டும் நம்பி வந்த சிலர் வராமலும் விடலாம். மறுத்தவர்கள் விடும் பெரிய பிழை, பிறகு ஒளித்துத் திரிவது. அதைத்தான் கோபம் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். அடுத்து வருகிற விசேஷத்துக்கு நேரத்தோடு போங்கள். சித்தியோடு குசினியில் நின்று வேலை செய்யுங்கள், சித்தப்பாவுக்கு நீங்களே தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுங்கள். கடன் கதையை அவர் எடுத்தால் பழைய வசனம், எடுக்காவிட்டால் நீங்கள் எடுக்கவே வேண்டாம்.